பிராசசர் உள்ளே என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பல வருடம் மைக்ரோபிராசசர் லேபில் இருந்தேன், இப்போது சனி, ஞாயிறுகளில் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். அந்தப் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிவரும் அப்பா அம்மாக்களும், சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் கடை வாசலில் நின்றுகொண்டே எனக்குப் போன் போடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். ‘செயலி’ என்ற நல்ல தமிழ்ச் சொல்லை இப்போது போனில் இறக்குகிற ஆப்புக்கும் சொல்கிறோம், அதனால் குழப்பம் வராமல் இருக்க இங்கே பிராசசர் என்றே எழுதுகிறேன்.

சிபியூ என்பது மேஜைக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டிதானே?

இல்லை. நம் ஊரில் ‘சிபியூவை எடுத்துட்டு வாங்க’ என்று சர்வீஸ் கடையில் சொன்னால் மொத்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டும், பேச்சு வழக்கில் அப்படி ஆகிவிட்டது. உண்மையான சிபியூ அந்தப் பெட்டிக்குள், மதர்போர்டின் மேல், விசிறிக்கு அடியில் மறைந்திருக்கும் ஒரே ஒரு சில்லு. பிஸ்கெட் அளவுதான் இருக்கும். அதிலும் மேலே தெரிகிற பளபளப்பான தகடு வெறும் மூடி, வேலை செய்கிற சிலிக்கான் துண்டு அதற்கும் அடியில், இன்னும் சின்னதாக இருக்கிறது. பிராசசர் என்பதும் இதே சில்லுதான்.

ஒரு சில்லு எப்படிக் கூட்டல் போடும்? அதற்கு எண் என்றால் என்னவென்று தெரியுமா?

தெரியாது. அதற்குள் இருப்பது டிரான்சிஸ்டர்கள், ஒவ்வொன்றும் மின்சாரத்தாலேயே போட்டு அணைக்கப்படும் ஒரு சுவிட்ச். 1971-ல் வந்த இன்டெல் 4004-ல் சுமார் 2300 இருந்தன, 2020-ல் வந்த ஆப்பிள் எம்1-ல் 1600 கோடி.

சுவிட்ச் எப்படிக் கணக்குப் போடும் என்பதற்கு உங்கள் வீட்டு மாடிப்படி விளக்கைப் பாருங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டில் ஒன்றை மட்டும் தட்டினால் விளக்கு எரியும், இரண்டையும் தட்டினால் அணைந்துவிடும். 0, 1 என்ற இரண்டே இலக்கத்தில் எழுதும் பைனரிக் கூட்டலும் இதுதான்: 0-வும் 1-ம் சேர்ந்தால் 1, 1-ம் 1-ம் சேர்ந்தால் அந்த இடத்தில் 0, அடுத்த இடத்துக்கு மீதி 1. மீதி வந்ததா என்று கண்டுபிடிக்க இன்னொரு இணைப்பு வேண்டும், அது மிக்சி மாதிரி: ஜாரும் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும், குமிழையும் திருப்பியிருக்க வேண்டும், இரண்டும் நடந்தால்தான் ஓடும். இந்த இரண்டு இணைப்பையும் கோத்து 64 இடத்துக்கு வரிசையாக வைத்தால் 64 பிட் கூட்டல் கருவி தயார். மீதி ஒவ்வொரு இடமாக நகர்ந்து போகும்வரை காத்திருந்தால் நேரமாகிவிடும் என்பதற்காக, எந்தெந்த இடத்தில் மீதி வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தனிச் சுற்றும் வைத்திருப்பார்கள். இந்தக் ‘காத்திருக்காமல் இருக்க’ என்ற பேச்சு இனி அடிக்கடி வரும்.

ஒரு கட்டளை உள்ளே எப்படி நடக்கிறது?

இன்றைய பிராசசரை வைத்து இதைச் சொன்னால் தலை சுற்றிவிடும், அதனால் 8085-ஐ எடுத்துக்கொள்வோம். இன்டெல் 1970-களில் கொண்டுவந்தது, சுமார் 6500 டிரான்சிஸ்டர், 40 கால். நம் பொறியியல் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக இதன் கிட்டில், அதாவது பயிற்சிப் பலகையில், விரலால் எண்களைத் தட்டித்தான் பிள்ளைகள் பிராசசரைப் படித்தார்கள். பிராக்டிகலுக்கு முந்தின நாள் ஆப்கோடு (கட்டளைகளுக்கான எண்கள்) தாளை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்கள் இதைப் படிக்கும்போது சிரித்துக்கொள்வீர்கள்.

அதற்குள் ஏ, பி, சி, டி, இ, ஹெச், எல் என்று சில ரெஜிஸ்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பைட், அதாவது 8 பிட், வைத்துக்கொள்ளும் இடம். கணக்குப் போடும் பகுதி ஒன்று. அடுத்த கட்டளை நினைவகத்தில் எந்த முகவரியில் இருக்கிறது என்று ஞாபகம் வைத்திருக்கும் புரோகிராம் கவுன்டர் ஒன்று. எடுத்துவந்த கட்டளை என்னவென்று புரிந்துகொண்டு மற்ற பகுதிகளை ஏவுகிற கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்று. இவ்வளவும் இன்றைய பிராசசரிலும் இருக்கின்றன, எண்ணிக்கைதான் கூடிவிட்டது.

சரி, ஐந்தையும் மூன்றையும் கூட்டி நினைவகத்தில் வைக்க வேண்டும். கிட்டில் இப்படித் தட்டுவோம், எல்லாம் பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்கள்:

97, 06, 05, 80, 06, 03, 80, 32, 50, 81, 76

97 என்றால் ஏ-யிலிருந்து ஏ-யையே கழி, அதாவது ஏ பூஜ்யமாகிவிடும். 06, 05 என்றால் பி-யில் 5-ஐப் போடு. 80 என்றால் பி-யை ஏ-யோடு கூட்டு. அப்புறம் பி-யில் 3, மறுபடி கூட்டு. 32, 50, 81 என்றால் ஏ-யில் இருப்பதை 8150 என்ற முகவரியில் எழுது, முகவரியின் பின்பாதி முதலில் வரும். 76 என்றால் நில்.

கடைசி 76-ஐ விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் இதற்கு 39 கடிகாரத் துடிப்பு (பிராசசரின் வேலைக்குத் தாளம் போடும் மின்துடிப்பு) ஆகும், 3 மெகாஹெர்ட்சில் ஓடும் கிட்டில் 13 மைக்ரோசெகண்ட். இந்த 39 எங்கே போனது என்று பாருங்கள். பிராசசர் நினைவகத்திலிருந்து 10 முறை படித்திருக்கிறது, 1 முறை எழுதியிருக்கிறது, அவ்வளவுக்கும் நடுவில் நாம் கேட்ட கூட்டல் இரண்டே இரண்டு. அந்த இரண்டுக்கும் தனியாக நேரம் எதுவுமே போகவில்லை! 80 என்ற கட்டளைக்கு ஆகிற 4 துடிப்பும் அதை எடுத்துவந்து இன்னதென்று அறிவதற்கே சரியாகிவிடுகிறது, உண்மையான கூட்டல் அடுத்த கட்டளை வந்துகொண்டிருக்கும்போதே நடந்து முடிந்துவிடும். லேபில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் இன்றைய பிராசசரின் பாதி வடிவம் தானாகப் புரிந்துவிடும். கணக்குப் போடுவது பிராசசருக்குக் கஷ்டமே இல்லை. கணக்குக்கு வேண்டியது கைக்கு வந்து சேர்வதுதான் கஷ்டம்.

கிகாஹெர்ட்ஸ் அதிகமாக இருந்தால் வேகம் அதிகம்தானே?

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பிராசசரை ஒப்பிடும்போது ஓரளவு சரி. மற்றபடி அதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 3 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 300 கோடித் துடிப்பு, ஆனால் ஒரு துடிப்புக்குள் எத்தனை கட்டளை முடிகிறது என்பது ஒவ்வொரு வடிவமைப்புக்கும் வேறு. பத்து வருடத்துக்கு முந்தைய 3 கிகாஹெர்ட்சும் இன்றைய 3 கிகாஹெர்ட்சும் ஒன்று கிடையாது.

1978-ல் 8086 வந்தபோது 5 மெகாஹெர்ட்ஸ். 2004-ல் பென்டியம் 4 தொட்டது 3.8 கிகாஹெர்ட்ஸ். 26 வருடத்தில் 760 மடங்கு. அதற்குப் பிறகு 2023-ல் மேஜைக் கணினிக்கான இன்டெல் பிராசசர் ஒன்று, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும், 6 கிகாஹெர்ட்ஸ் தொட்டது. 19 வருடத்தில் சுமார் ஒன்றரை மடங்குதான். காரணம் சூடு. டிரான்சிஸ்டர் தின்னும் மின்சாரம் துடிப்பின் வேகத்தோடு கூடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடும். துடிப்பை ஏற்ற வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருக்கிறது, இரண்டும் சேர்ந்து அடுப்பாகிவிடும். ஒளியே விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், 3 கிகாஹெர்ட்சில் ஒரு துடிப்புக்குள் அது கடப்பது 10 சென்டிமீட்டர்! கம்பியில் போகிற மின்குறி அதையும்விட மெதுவு. நினைவகமான ரேம் சில்லு பிராசசரிலிருந்து சில அங்குலம் தள்ளி இருக்கிறது என்பதே எவ்வளவு பெரிய தூரம் என்று இதிலிருந்து தெரியும்.

கேஷ் என்றால் என்ன? எதற்கு எல்1, எல்2, எல்3 என்று மூன்று?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேஷ் என்பது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம், எல்1, எல்2, எல்3 என்பவை அதன் அடுக்குகள்.

சமையலறையில் அஞ்சறைப் பெட்டி ஏன் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது? தாளிக்கும்போது கடுகைத் தேடி ஸ்டோர் ரூமுக்குப் போனால் எண்ணெய் கருகிவிடும். வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானையும் அஞ்சறைப் பெட்டியில் வைக்கவும் முடியாது, பெட்டி பெரிதாகப் பெரிதாகத் தேடுவதற்கே நேரமாகும், அப்புறம் அது அஞ்சறைப் பெட்டியே இல்லை. அதனால் கையில் கொஞ்சம், பெட்டியில் கொஞ்சம், அலமாரியில் கொஞ்சம், ஸ்டோர் ரூமில் கொஞ்சம். பிராசசரிலும் அப்படியே: கையில் இருப்பது ரெஜிஸ்டர், அஞ்சறைப் பெட்டி எல்1, அலமாரி எல்2, ஸ்டோர் ரூம் எல்3. பல பிராசசர்களில் எல்1-ன் தரவுப் பகுதி ஒரு கோருக்கு (சில்லுக்குள் இருக்கும் தனித்தனி பிராசசர், பின்னால் சொல்கிறேன்) 32 முதல் 48 கிலோபைட்தான், எல்3 பல மெகாபைட், அதைப் பல கோர்கள் பகிர்ந்துகொள்ளும்.

தூரத்தை மனசில் பதிய வைக்க ஒரு வழி சொல்கிறேன். 4 கிகாஹெர்ட்ஸ் பிராசசரின் ஒரு துடிப்பை ஒரு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்1-லிருந்து எடுக்க 4, 5 விநாடி. எல்2 என்றால் கால் நிமிடத்துக்குப் பக்கம். எல்3 ஒரு நிமிடத்தை ஒட்டி வரும். ரேம் என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல், தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் போய்வருகிற நேரம். எஸ்எஸ்டி என்றால் சுமார் மூன்று நாள், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்து டெல்லிக்குப் போய் அடுத்த வண்டியிலேயே திரும்புவதுபோல. பழைய ஹார்டு டிஸ்க் ஒரு வருடத்துக்கு மேல். அடுப்பில் வாணலியை வைத்துவிட்டுக் கடுகுக்காக ஒரு வருடம் நிற்பது! பழைய கணினிக்கு எஸ்எஸ்டி போட்டதும் பிராசசரே மாறினதுபோல ஓடுவதற்கு இதுதான் காரணம்.

அண்ணாச்சி கடைக்குப் போனால் ஒரே ஒரு மிளகாய் வாங்கி வருவோமா? பிராசசரும் ஒரு பைட் கேட்டால் அதை ஒட்டியிருக்கும் 64 பைட்டையும் சேர்த்தே எடுத்துவரும். இன்று பரவலாக உள்ள இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் இந்த அளவுதான். பக்கத்தில் இருப்பது அடுத்துத் தேவைப்படும் என்ற நம்பிக்கை, பெரும்பாலும் பலிக்கும்.

பைப்லைன் என்று படிக்கிறோமே, அது என்ன?

கல்யாணப் பந்தி. ஒருவர் இலை போட்டுக்கொண்டே போவார், பின்னால் ஒருவர் உப்பும் ஊறுகாயும், அவர் பின்னால் பொரியல், அப்புறம் சாதம், சாம்பார். முதல் இலைக்குச் சாம்பார் விழும் நேரத்தில் ஐந்தாவது இலை விரிந்துகொண்டிருக்கும். ஒரு இலைக்கு எல்லாவற்றையும் பரிமாறி முடித்துவிட்டுத்தான் அடுத்த இலை என்று இருந்தால் பந்தி சாயங்காலம்வரை போகும். கட்டளையை எடு, என்னவென்று புரிந்துகொள், எண்களைக் கொண்டுவா, செய், எழுது என்று வேலையைப் பிரித்து ஒவ்வொரு படியிலும் ஒரு கட்டளை இருக்கும்படி ஓட்டுவதுதான் பைப்லைன். இன்று பல பிராசசர்களில் சுமார் 15 முதல் 20 படி. பென்டியம் 4-ன் ஒரு பதிப்பில் 31 படிவரை நீட்டினார்கள், துடிப்பு ஏறியது, ஆனால் ஒரு தப்பு நடந்தால் அத்தனை இலையையும் எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டியதாயிற்று.

அதுமட்டும் இல்லை. டிபன் கடையில் முதல் டோக்கன் ரவா தோசை, அடுத்தது இட்லி என்றால் தோசை வேகும்வரை இட்லியை யாரும் நிறுத்தி வைப்பதில்லை. பிராசசரும் ஒரு கட்டளை ரேமுக்காகக் காத்திருக்கும்போது பின்னால் தயாராக இருக்கும் கட்டளைகளை முடித்து வைத்துவிடும். முடிவுகளை மட்டும் அசல் வரிசையிலேயே பதிவு செய்யும், அதனால் நம் புரோகிராமுக்கு எதுவும் தெரியாது.

பிராசசர் முன்கூட்டியே ஊகிக்கிறது என்கிறார்களே?

ஆமாம். தினமும் போகிற டீக்கடையில் உங்கள் தலை தெரிந்ததுமே மாஸ்டர் சர்க்கரை கம்மியாக ஒன்று ஆற்ற ஆரம்பித்துவிடுவார். நீங்கள் வந்து சொல்லும்வரை காத்திருந்தால் அந்த நேரம் வீண். புரோகிராமில் ‘இப்படியானால் அங்கே போ, இல்லாவிட்டால் இங்கே போ’ என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் பிராசசர் போன தடவைகளில் என்ன நடந்தது என்று பார்த்து ஒரு பக்கத்தை ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும். சாதாரணப் புரோகிராம்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாக வரும். தப்பினால் செய்ததைத் தூக்கிப்போட்டுவிட்டுத் திரும்ப வர வேண்டும், 15, 20 துடிப்பு போய்விடும்.

தூக்கிப்போட்டது உண்மையிலேயே தடமில்லாமல் போகிறதா என்பதில்தான் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஊகத்தில் செய்த வேலைக்காகக் கேஷுக்குள் வந்த தரவு அங்கேயே தங்கிவிடுகிறது, எந்த முகவரி சீக்கிரம் பதில் சொல்கிறது என்று நேரம் பார்த்தே பிறருடைய ரகசியத்தை ஊகித்துவிடலாம். 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர் என்ற குறைபாடு இதுதான், கூடவே வெளிவந்த மெல்ட்டவுனும் இதற்கு உறவு. அதனால்தான் பிள்ளைகளிடம் சொல்வேன், அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதே என்று.

கோர், திரெட் வித்தியாசம் என்ன?

கோர் என்பது தனியாக ஒரு முழு பிராசசர். துடிப்பை ஏற்ற முடியாமல் போனதும் ஒன்றுக்குப் பதில் இரண்டு, நான்கு என்று ஒரே சில்லில் வைக்க ஆரம்பித்தார்கள். திரெட் என்பது ஒரு கோரையே இரண்டாகக் காட்டுவது, ஒரு வேலை ரேமுக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் இன்னொரு வேலை அதே கருவிகளைப் பயன்படுத்திக்கொள்ளும். இன்டெல் 2002-ல் இதை ஹைப்பர் திரெடிங் என்ற பெயரில் கொண்டுவந்தது. 8 கோர் 16 திரெட் என்றால் 16 பிராசசரின் வேகம் வராது. அதேபோல ஒரே கோரில் ஓடும்படி எழுதிய பழைய கணக்கு சாஃப்ட்வேருக்கு நீங்கள் 16 கோர் வாங்கிக் கொடுத்தாலும் 15 சும்மாதான் இருக்கும். இப்போது பெரிய கோர், சின்ன கோர் என்று கலந்தும் வருகிறது, இன்டெல்லில் 2021-லிருந்து பரவலாக, போன்களில் அதற்கும் முன்பிருந்தே. சின்னது சின்ன வேலைகளுக்கு, பேட்டரி மிச்சம்.

32 பிட், 64 பிட்?

32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் சுமார் 430 கோடி, அதாவது 4 ஜிபி. அதற்கு மேல் ரேம் போட்டு ஒரு புரோகிராமுக்கு முழுதாகக் கொடுக்க வேண்டுமென்றால் 64 பிட் வேண்டும். அவ்வளவுதான், இன்று வாங்குகிற எதுவும் 64 பிட்தான்.

மே மாதம் வந்தால் லேப்டாப் மெதுவாகிவிடுகிறது, பிரமையா?

பிரமை கிடையாது. பிராசசரின் சூட்டை விசிறி எங்கே தள்ளும்? அறையின் காற்றுக்குத்தான். அறை 10 டிகிரி கூடினால் பிராசசரும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடும். பல லேப்டாப் பிராசசர்கள் 100 டிகிரியை ஒட்டியதும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாங்களே துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, மெத்தைமேல் லேப்டாப், காற்றுத் துவாரம் அடைத்துக்கொண்டு, அப்புறம் எப்படி ஓடும்? போன வருடம் என் மாணவி ஒருத்தி புது லேப்டாப் வாங்கித் தரச் சொல்லி வீட்டில் அழுதுகொண்டிருந்தாள். திறந்து பார்த்தால் விசிறிக்கும் சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்புக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது, பிராசசர்மேல் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. தூசியைத் தட்டிப் புதுப் பேஸ்ட் போட்டுக் கொடுத்தேன், அதிலேயேதான் புராஜெக்ட் முடித்தாள்.

சென்னையில் பிராசசர் செய்கிறார்களா?

வடிவமைக்கிறார்கள், இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமைதான். மான்கள் திரிகிற நம் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் உருவானது ஷக்தி. அந்தக் குழுவை வழிநடத்திய பேராசிரியர் காமகோடி 2022-ல் அதே ஐஐடியின் இயக்குநரானார். 2018-ல் ஒரு பதிப்பை அமெரிக்காவில் இன்டெல்லின் ஆலையில் 22 நானோமீட்டர் நுணுக்கத்திலும், இன்னொன்றைச் சண்டிகரை ஒட்டிய மொகாலியில் உள்ள அரசு செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரிலும் அச்சடித்தார்கள். ஷக்தி புரிந்துகொள்ளும் கட்டளைத் தொகுப்பின் பெயர் ரிஸ்க்-ஃபைவ், 2010-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் உரிமக் கட்டணம் கட்டாமல் அதைப் பயன்படுத்தலாம். ஷக்தியின் வடிவமைப்பே திறந்த மூலமாக இணையத்தில் கிடக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் அதை ஒரு தடவையாவது இறக்கிப் பார்க்க வேண்டும், 8085-ல் படித்த அதே கவுன்டரும் ரெஜிஸ்டரும் அங்கே இருக்கும்.

ரிச்சி தெருவில் நிற்கிறேன், எதைப் பார்த்து வாங்குவது?

பிராசசரில் ஒரு படி குறைத்துக்கொண்டு அந்தப் பணத்தை அதற்குத் தீனி போடும் பொருள்களில் போடுங்கள். ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ளதை வேண்டவே வேண்டாம், எஸ்எஸ்டி. ரேம் 16 ஜிபி வேண்டுமென்றால் ஒரே 16-க்குப் பதில் இரண்டு 8 கேளுங்கள், இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தரவு வரும், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஐ5, ஐ7 என்ற பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், எந்தத் தலைமுறை என்று முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடங்கள், அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்.

டாஸ்க் மேனேஜரில் 100 சதவீதம் காட்டினால் பிராசசர் முழு மூச்சாக வேலை செய்கிறது என்று அர்த்தமா?

அந்தக் கோர்கள் எல்லாம் ஏதோ ஒரு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம். ஒதுக்கப்பட்ட நேரத்தில் கணக்குப் போட்டதா, அண்ணாச்சி கடையிலிருந்து சாமான் வரட்டும் என்று வாணலியை வைத்துக்கொண்டு நின்றதா என்பதை அந்த எண் பிரித்துச் சொல்லாது. ரேமுக்காக நின்ற நேரமும் அதற்கு ‘வேலை’தான். லினக்சில் பெர்ஃப் என்று ஒரு கருவி உண்டு, ஒரு துடிப்புக்கு எத்தனை கட்டளை முடிந்தது என்று காட்டும்.

இதையெல்லாம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். சி மொழியில் 10,000 வரிசை, 10,000 பத்தி உள்ள ஒரு முழு எண் அட்டவணை எழுதுங்கள், 400 மெகாபைட் ஆகும், வீட்டுக் கணினியின் எந்தக் கேஷிலும் அடங்காது. முதலில் வரிசை வரிசையாகப் போய் எல்லாவற்றையும் கூட்டி நேரம் பாருங்கள். அப்புறம் சுழலை மாற்றிப் பத்தி பத்தியாகக் கூட்டுங்கள். கம்பைலரின் ஆப்டிமைசேஷனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சில நேரம் அதுவே உங்கள் சுழலைத் திருத்தி வைத்துவிடும். இரண்டிலும் கூட்டல் பத்துக் கோடிதான், விடையும் ஒன்றுதான். ஆனால் வரிசையாகப் போகும்போது ஒரு தடவை கொண்டுவந்த 64 பைட்டில் 16 எண் கிடைக்கிறது, பத்தியாகப் போகும்போது அடுத்த எண் 40,000 பைட் தள்ளி இருக்கிறது, ஒவ்வொரு மிளகாய்க்கும் ஒரு தடவை கடைக்குப் போக வேண்டும். என் மாடியில் இருக்கும் பழைய கணினியில் இரண்டாவது ஓட்டம் முடிவதற்குள் பிள்ளைகள் கீழே இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்காகவே அட்டவணையை இருபது தடவை கூட்டச் சொல்லி எழுதி வைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள், வித்தியாசம் கடிகாரம் பார்க்காமலே தெரியும்.